‘சாவில் சந்தேகம் இல்லை’ என்ற அந்த ஒற்றை வரி

வழக்கறிஞரான என் மேசைக்கு வரும் எஃப்.ஐ.ஆர். நகல்களில் ஒரே மாதிரியான வாக்கியத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். “தீராத வயிற்றுவலி காரணமாக மனமுடைந்து இருந்தார். மற்றபடி என் மகளின் சாவில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை.” கீழே அப்பாவின் கையெழுத்து, அல்லது அம்மாவின் கைரேகை. அதே அப்பா மூன்று மாதம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து, “மேடம், என் பிள்ளைக்கு வயிற்றுவலியே கிடையாது” என்பார்.

அவர் அன்றைக்கும் பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அன்று ஜி.ஹெச். பிணவறை வாசலில் நின்றிருக்கிறார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. “சீக்கிரம் எழுதிக் கொடுங்க, அப்பத்தான் சாயங்காலத்துக்குள்ள போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு பாடியைக் கொண்டு போகலாம்” என்று யாரோ அவசரப்படுத்தியிருக்கிறார்கள். ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருக்கிறார், இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்துக் காட்டுங்கள் என்று கேட்கும் தெம்பு பெற்றவர்களுக்கு அந்த நேரத்தில் இருக்காது.

அதனால் இதை நான் பெற்றவர்களுக்கு மட்டும் எழுதவில்லை. கூடப் போகிற சித்தப்பாவுக்கும், பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கல்லூரி நண்பனுக்கும் எழுதுகிறேன். அந்தத் தாளை நீங்கள் வாங்கிப் படியுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் “இறப்புக்கான காரணம் எனக்குத் தெரியவில்லை, விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்” என்று எழுதினால் போதும். யார் மீதும் பழி சொல்ல வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த ஒரு வரியைப் பிற்பாடு மறுக்க முடியாது என்றில்லை. ஆனால் அதன் பிறகு போகிற ஒவ்வொரு அலுவலகத்திலும் அது வந்து குறுக்கே நிற்கும்.

அடுத்தது, “எஃப்.ஐ.ஆர். போட்டுட்டாங்க” என்ற நிம்மதி. நகலை வாங்கி எந்தப் பிரிவு என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சந்தேக மரணங்களுக்கும் குற்ற எண் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிவார்கள். ஆனால் பிரிவு பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194 ஆக, அதாவது பிரேத விசாரணைக்கான பிரிவாக இருக்கும். 2024 ஜூலைக்கு முன்பு என்றால் பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) 174. இந்தப் பிரிவு கேட்கிற கேள்வி வேறு, குடும்பம் கேட்கிற கேள்வி வேறு. ஆள் எப்படி இறந்தார், உடம்பில் என்ன காயம், மேலோட்டமாகத் தெரிகிற காரணம் என்ன என்பதோடு அதன் எல்லை முடிந்துவிடும். உச்ச நீதிமன்றம் 1975-லேயே இதைச் சொல்லியிருக்கிறது. யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்பது பிரேத விசாரணையின் வேலை இல்லை. பஞ்சாயத்தார் (உடலைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள்) கையெழுத்துப் போட்ட பிரேத விசாரணை அறிக்கையை வைத்துக்கொண்டு ‘விசாரணை நடக்கிறது’ என்று வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. உள்ளபடி அங்கே குற்ற விசாரணை ஆரம்பிக்கவே இல்லை.

ஆரம்பிக்க வேண்டுமானால் பிரிவு மாற வேண்டும். கொலை என்றால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 103, தற்கொலைக்குத் தூண்டுதல் என்றால் 108, வரதட்சணை மரணம் என்றால் 80. அப்படி மாற்றி நீதிமன்றத்துக்கு அனுப்புவதைத்தான் ஆல்ட்ரேஷன் ரிப்போர்ட் என்பார்கள். ஆகவே ஸ்டேஷனுக்குப் போய் “ஐயா, எங்க கேஸ் என்னாச்சு?” என்று கேட்டால் “போய்க்கிட்டிருக்கு” என்ற பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். செக்‌ஷன் மாற்றினீர்களா? உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? ஆய்வறிக்கை வந்ததா? டாக்டர் இறுதிக் கருத்து கொடுத்துவிட்டாரா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். விஷம் ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் தன் கருத்தை நிறுத்தி வைத்துவிட்டு, விஸ்ரா (உள்ளுறுப்பு ஆய்வு) முடிவு வந்த பிறகுதான் எழுதுவார். அறிக்கை ஆய்வகத்திலிருந்து வந்து, டாக்டரிடம் போகாமலே கிடந்த ஃபைலை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து மூலம் ஒரு மனு கொடுத்த பிறகுதான் அது நகர்ந்தது.

போலீஸ்காரர்கள் எல்லோரும் மறைக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இன்ஸ்பெக்டர்தான் திருவிழா பந்தோபஸ்தும் பார்க்கிறார், திருட்டும் பார்க்கிறார், இந்த ஃபைலும் அவர் மேசையில்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லாத ஃபைல் தானாகவே அடியில் போய்விடுகிறது.

முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டிய மனு ஒன்று உண்டு. இறந்தவரின் செல்போன், அழைப்பு விவரங்கள், வழியிலுள்ள கடைகளின் சிசிடிவி பதிவு, இவற்றைப் பாதுகாக்கச் சொல்லித் தேதி போட்டு ஒரு தாள். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும், சில வாரம் கூடத் தாங்காது. ஸ்டேஷனில் கொடுத்தால், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சொல்லக் கஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் இருக்கும்போது உடலை எரித்துவிடாதீர்கள். புதைத்தால், பிற்பாடு தேவைப்படும்போது மாஜிஸ்திரேட் முன்னிலையில் தோண்டி எடுத்து மறுபடி பரிசோதிக்க வழி இருக்கிறது. எரித்தால் காகிதம் மட்டும்தான் மிச்சம். எரிப்பதுதான் எங்கள் வழக்கம் என்பார்கள் பெரியவர்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“உடலை வாங்க மாட்டோம்” என்ற போராட்டத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஏழைக் குடும்பத்தின் கையில் அந்த நாளில் இருக்கிற ஒரே பிடிமானம் அது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு வரும் அதிகாரி “கண்டிப்பா நடவடிக்கை எடுக்கிறோம்” என்றதும் உடலை வாங்கிவிடுகிறார்கள். வாய்வார்த்தையாக எதையும் ஏற்காதீர்கள். எந்தப் பிரிவு, எந்த அதிகாரி, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

திருமணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். வரதட்சணைக் கொடுமை இல்லை என்று அவர் எழுதினால், சாவில் சந்தேகமே இல்லை என்று அர்த்தமாகிவிடாது. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த அறிக்கையோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் அதிகம். காவலில் இறந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும், உறவினர்களுக்குத் தகவல் சொல்லி அவர்களையும் கூட இருக்க விட வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு.

சரி, எதற்கும் பதில் வரவில்லை. அப்புறம்? எஸ்.பி.க்கு எழுத்து மூலம் மனு. அதற்கும் அசைவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றம். குற்றம் நடந்ததாகத் தகவல் இருந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் நாளே “சிபிஐ விசாரணை கேட்கலாமா மேடம்?” என்பார்கள். முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்பேன். 2012 மார்ச்சில் திருச்சியில் கொல்லப்பட்ட ராமஜெயம், ஓர் அரசியல் தலைவரின் தம்பி. உள்ளூர் போலீஸ், சிபிசிஐடி, சிபிஐ, அப்புறம் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று பத்து வருடத்தில் வழக்கு எத்தனையோ கை மாறியது. ஏஜென்சியின் பெயர் மாறுவதைவிட, முதல் வாரத்துச் சாட்சியங்கள் பத்திரமாக இருப்பதுதான் பெரிது என்பது என் அனுபவம்.

புகார் கொடுத்தவருக்கு விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இதை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள்.

கடைசியாக, ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அதாவது போலீஸ் வழக்கை முடிக்கும் அறிவிப்பு. ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று வீட்டுக்கு ஒரு தாள் வரும். போலீஸ் முடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார் ஓர் அம்மா. போலீஸ் கைவிட்டாலும், அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நீதிமன்றம். ஏற்கும் முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்று 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இறந்தவரின் உறவினரும் நேரில் வந்து தன் பேச்சைச் சொல்லலாம். அந்த அம்மா தாளை எடுத்து வந்தபோது அது வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வழக்கை முடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு போட்டோம். மகன் இறந்த நாளிலிருந்து இதுவரை யாரும் அவரை உட்காரவைத்து, முழுதாகப் பேசவிட்டுக் கேட்டதில்லையாம். அடுத்த வாய்தாவுக்கு எந்தச் சேலை கட்டி வரட்டும், நீதிபதி முன்னால் அழலாமா கூடாதா என்று போனில் கேட்டார். அழுகை வந்தால் அழுங்கள் என்றேன், ஆனால் அவன் கடைசியாகப் பேசிய போன் எந்த நேரத்துக்கு வந்தது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள் என்றேன்.