மாத்திரையை விட்டால் வலி கூடுகிறதே, டாக்டர்!

எழுபதை நெருங்கும் அந்த அம்மா பையைக் கவிழ்த்ததும் மேசையில் ஆறேழு மாத்திரை அட்டைகள் விழுந்தன. எல்லாம் ஒரே மருந்து: டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை. முழங்கால் தேய்மானத்துக்குப் பத்து நாளைக்கென்று எழுதிய சீட்டு. மடிப்புக் கிழியும்வரை அதையே காட்டி இரண்டு ஆண்டுகளாக வாங்கியிருக்கிறார்.

"ஒரு வேளை தவறினாலும் உடம்பெல்லாம் வலிக்கிறது. நோய் முற்றிவிட்டதா, டாக்டர்?"

முழங்காலில் தேய்மானம் என்றால் உடம்பெல்லாம் ஏன் வலிக்க வேண்டும்? வியர்க்கிறதா, தூக்கம் கெடுகிறதா, வயிறு போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பழகிய மருந்து கிடைக்காமல் உடல் தவிக்கிற தவிப்பு அது. அதை மூட்டுவலி என்று நம்பி அடுத்த மாத்திரையைப் போட்டிருக்கிறார். டிரமடால் ஓபியாய்டு வகை மருந்து, அதாவது அபினைப் போல மூளையில் வேலைசெய்து வலியைக் குறைப்பது. தினமும் சாப்பிட்டால் உடல் பழகிவிடும். பிறகு அதே அளவு போதாது. 2018இல் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இது உடலுக்குப் பழகிவிடும் என்று எழுதியவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. என் துறையின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் உள்ள 240 பேரை ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று அதே 2018இல் வெளியானது. ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாட நடமாட்டம் வேறு வலி மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடுதல்.

உடனே நிறுத்தச் சொல்லவில்லை. திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவரின் கண்காணிப்பில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். புற்றுநோய் வலியின் கதை வேறு. அங்கே மார்ஃபின் என்ற ஓபியாய்டு மருந்துக்குப் பயந்து நோயாளியைத் துடிக்கவிடுவது கொடுமை.

அந்த அம்மாவிடம் இன்னொரு பயமும் இருந்தது: நடந்தால் எலும்பு மேலும் தேயும் என்பது. நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொன்னேன். தொடைத் தசை இறுகுவதை அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கவைத்தேன். அந்தத் தசைதான் மூட்டின் பாரத்தைத் தாங்குகிறது, வலிக்கிறபோதெல்லாம் மூட்டு தேய்கிறது என்று அர்த்தமில்லை என்று விளக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆனாலும் அந்த இருபது நிமிடத்தைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து மாதமாகிறது. குறைத்த நாட்களைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து எடுத்து வருகிறார். மலச்சிக்கலும் தலைசுற்றலும் விட்டுவிட்டன. வலி முழுதாகப் போகவில்லை. ரேஷன் கடைக்கு நடந்தே போகிறார். இரவு மாத்திரை ஒன்று மட்டும் பாக்கி. அதைத் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.