திட்டியதால்தான் தேறினார்களா?

இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சி ஆசிரியர்களுக்கு உளவியல் வகுப்பு எடுக்க 1960களில் உளவியலாளர் டேனியல் கானமன் சென்றிருந்தார். ஒரு திறனைக் கற்றுக்கொடுக்கத் தண்டனையைவிடப் பாராட்டே சிறந்த வழி என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுத்தார். வானில் கடினமான வித்தையொன்றை நேர்த்தியாகச் செய்து முடித்த மாணவரைத் தாம் பலமுறை பாராட்டியிருப்பதாகவும், அவர்கள் அடுத்த முறை பெரும்பாலும் மோசமாகவே செய்ததாகவும், மாறாக, சொதப்பியவரைக் கத்தித் தீர்த்தபோதெல்லாம் அடுத்த முறை அவர் தேறியதாகவும் அவர் சொன்னார். ஆகவே பாராட்டுத்தான் பலன் தரும், தண்டனை தராது என்று எங்களிடம் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய வாதம்.

"அடியாத மாடு படியாது" என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதே அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். அந்த ஆசிரியர் பொய் சொல்லவில்லை. பாராட்டுக்குப் பின் சரிவும் வசவுக்குப் பின் ஏற்றமும் உண்மையாகவே நிகழ்ந்தன; அவர் அதற்குக் கண்ட காரணம்தான் பிழை. கானமன் அங்கேயே ஒரு சிறு சோதனை நடத்தினார். ஒவ்வோர் ஆசிரியரும் முதுகுக்குப் பின்னால் இருந்த ஓர் இலக்கை நோக்கி, திரும்பிப் பாராமல், இரண்டு நாணயங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீச வேண்டும். விழுந்த இடத்துக்கும் இலக்குக்கும் இடையிலான தூரத்தை அளந்தபோது, முதல் வீச்சில் நெருங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் விலகியிருந்தார்கள்; முதலில் வெகுதூரம் தள்ளி வீசியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் நெருங்கியிருந்தார்கள். இடையில் யாரும் யாரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை.

இதன் கணக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறுமுகப் பகடைகள் இரண்டை உருட்டி, கூட்டுத்தொகை 4 அல்லது அதற்கும் கீழே வந்தால் பகடையைத் திட்டுங்கள். 10 அல்லது அதற்கும் மேலே வந்தால் மெச்சுங்கள். திட்டு வாங்கிய பகடை அடுத்த உருட்டலில் 4-ஐத் தாண்டுவதற்கான வாய்ப்பு 36-இல் 30, அதாவது ஆறுக்கு ஐந்து. மெச்சப்பட்ட பகடை அடுத்த உருட்டலில் 10-க்குக் கீழே இறங்குவதற்கான வாய்ப்பும் சரியாக அதே ஆறுக்கு ஐந்துதான். ஒரு மணி நேரம் விடாமல் உருட்டிக் குறித்துவைத்தால், பகடைக்கு வசவுதான் ஏற்ற மருந்து என்று நிரூபிக்கும் அளவுக்குச் சான்று சேர்ந்துவிடும்.

மனிதர் பகடை அல்லர் என்பது உண்மையே. ஆனால் ஒரு நாளின் ஆட்டமோ ஒரு மாதத்தின் விற்பனையோ இரண்டு பொருள்களின் கலவை: மெல்ல மாறும் திறன் ஒன்று, அன்றன்றைக்கு ஏறி இறங்கும் சூழலும் தற்செயலும் மற்றொன்று. வழக்கத்துக்கு மாறாக மிக மோசமாக அமைந்த ஒரு நாளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள் எதிராக நின்றிருக்கும். மறுநாளும் அதே அளவுக்கு அது எதிராக நிற்க எந்தக் கட்டாயமும் இல்லாததால், திறன் துளியும் மாறாமலேயே முடிவு மேலேறும். புள்ளியியலில் இதைச் சராசரி நோக்கிய பின்னடைவு என்கிறார்கள். 1886-இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குள்ளமாகவும், மிகக் குள்ளமானோரின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பதைக் காட்டியபோது வெளிப்பட்டதும் இதே விதிதான். தற்செயலின் பங்கு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு இந்தத் திரும்புதலும் பெரிதாக இருக்கும்.

மாதந்தோறும் விற்பனை ஆய்வுக் கூட்டம் நடத்தும் ஒரு மேலாளரை எண்ணிப் பாருங்கள். கடைசி இடத்தில் இருக்கும் கிளையின் பொறுப்பாளரை அவர் எல்லோர் முன்னிலையிலும் வாங்குவாங்கென்று வாங்குகிறார். அடுத்த மாதம் அந்தக் கிளை சற்றே முன்னேறுகிறது. முதலிடம் பிடித்தவருக்குக் கேடயம் தருகிறார். அடுத்த மாதம் அவர் நான்காம் இடத்துக்கு இறங்குகிறார். பாராட்டியவுடன் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மேலாளர் முடிவுகட்டுகிறார். (வீட்டில் இதே சரிவுக்குக் கண் பட்டுவிட்டது என்று சொல்லிச் சுற்றிப் போடுகிறோம், பழியாவது பிள்ளையின் தலையில் விழாத அந்த விளக்கம் எனக்கு மேலாளருடையதைவிட நாகரிகமாகவே படுகிறது.) இப்படியாக, பிறரைக் கடிந்துகொண்டவருக்கு இயற்கையே பரிசளிப்பது போலவும், மனமாரப் பாராட்டியவருக்குத் தண்டனை கொடுப்பது போலவும் தோன்றும் ஓர் ஏற்பாட்டுக்குள் ஒவ்வொரு பயிற்சியாளரும் வருடக்கணக்கில் வாழ்கிறார். அவருடைய அனுபவம் கூடக்கூட அவருடைய தவறான நம்பிக்கையும் கூடுவதுதான் இதிலுள்ள கொடுமை.

இதிலிருந்து வசவு ஒருபோதும் பலிக்காது என்றோ, பாராட்டு எப்போதும் பலிக்கும் என்றோ முடிவுகட்ட முடியாது. அதைத் தனியே சோதிக்க வேண்டும். ஒரே அளவுக்கு மோசமாகச் செய்த இரு குழுக்களில் ஒன்றைக் கடிந்துகொண்டு, மற்றொன்றை ஒன்றும் சொல்லாமல் விட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிட்டால்தான் வசவின் உண்மையான விளைவு தெரியவரும்.

பின்னூட்டம், அதாவது ஒருவர் செய்த வேலை எப்படி இருந்தது என்று அவரிடமே சொல்வது, குறித்து நடந்த அத்தகைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 1996-இல் அவிரகாம் குளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். 607 ஒப்பீடுகளை அலசியதில், பின்னூட்டம் தருவது சராசரியாகச் செயல்திறனை ஓரளவு உயர்த்துவது தெரியவந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒப்பீடுகளில் பின்னூட்டம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாகச் செய்திருந்தார்கள். இதற்கு ஆய்வாளர்கள் இருவரும் தந்த விளக்கம் கவனத்தைப் பற்றியது. "மூன்றாம் பத்தியின் கூட்டல் இரண்டாம் பக்கத்தோடு ஒத்துவரவில்லை" என்று சொன்னால் கேட்பவரின் கவனம் வேலையின் மீதே நிற்கிறது. "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?" என்று கேட்டால் அது வேலையைவிட்டு அவருடைய மானத்தின் மீது திரும்பிவிடுகிறது, அந்த நேரத்தில் மனம் கூட்டலைச் சரிபார்ப்பதில் ஈடுபடாமல் தன்னைத் தற்காத்துக்கொள்வதில் ஈடுபடுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், "நீ பிறவி மேதை" என்ற புகழுரைக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே, சொல் இனிப்பா கசப்பா என்பதைக் காட்டிலும் அது எதைச் சுட்டுகிறது என்பதே பெரிது.

நல்ல பயிற்சியாளர் உண்மையில் என்னதான் பேசுகிறார்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ஜான் வுடனை 1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கவனித்தார்கள். அவர் வாய்திறந்ததையும் செய்து காட்டியதையும் ஒவ்வொன்றாக வகைபிரித்துக் குறித்ததில் மொத்தம் 2,326 பதிவுகள் சேர்ந்தன. பாராட்டு சுமார் 7 விழுக்காடு. வெறும் கண்டனமும் சுமார் 7 விழுக்காடு. பாதி, எதை எப்படிச் செய்வது என்ற நேரடியான, சுருக்கமான அறிவுறுத்தல்கள். ஏறக்குறைய 8 விழுக்காட்டை எந்த வகையில் அடக்குவதென்று தெரியாமல் ஆய்வாளர்கள் புதிதாக ஒரு வகையை உண்டாக்க வேண்டியிருந்தது: தவறைக் கண்டிக்கும் அதே மூச்சில் சரியானது எது என்பதையும் திரும்பச் சொல்லிவிடும் பேச்சு. சில வேளைகளில் ஆட்டத்தை நிறுத்தி, சரியான முறை, ஆட்டக்காரர் செய்த தவறான முறை, மறுபடியும் சரியான முறை என்று மூன்றையும் சில நொடிகளில் தம் உடலாலேயே காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பருவத்தின் தொடக்கத்தில் அவர் கற்றுக்கொடுத்தது, காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிந்து காலணி நாடாவை இறுக்கக் கட்டும் விதம்; பாதத்தில் கொப்புளம் வந்தால் ஆட்டம் போய்விடும் என்பதுதான் காரணம்.

அந்தப் பருவத்தின் முடிவில் அவருடைய அணி பத்தாவது தேசியப் பட்டத்தை வென்றது. ஒரு மாமனிதரின் பழக்கத்தை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எதையும் நிறுவிவிட முடியாது. தேர்ந்தெடுத்த வீரர்கள் அவரிடம் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், ஊக்கமூட்டும் உரைகளுக்கு நாம் தரும் மதிப்போடு ஒப்பிட்டால், அவர் பேச்சில் முக்கால் பங்கு வெறும் தகவலாக இருந்தது யோசிக்க வைக்கிறது.

தகவலிலும் எந்தத் தகவல் என்ற கேள்வி எழுகிறது. கேப்ரியேலா வுல்ஃப் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியவர்களில் ஒரு சாராரிடம் பாதத்தால் அழுத்துவதைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரிடம் பாதத்துக்கு அடியிலிருந்த கருவியின் சக்கரங்களை அழுத்துவதைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். உடலுறுப்பை நினைத்து நினைத்து இயக்கும்போது, தானாக ஓடக்கூடிய தசை ஒழுங்கில் மனம் குறுக்கிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்த விளைவின் அளவு தொடக்கத்தில் நம்பியதைவிடச் சிறியதாக இருக்கலாம் என்று அண்மைய மறு ஆய்வுகள் சில எச்சரிக்கின்றன. ஆயினும், பந்துவீசும் சிறுவனிடம் அவன் முழங்கையைப் பற்றி ஆறு செய்தி சொல்வதற்கு முன், பந்து எங்கே விழ வேண்டும் என்று தரையில் ஓர் அட்டையை வைத்துக் காட்டிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

பணியிடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரத்தடி ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர்களிடம் கிடைத்தது. கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டெஸும் 1975-இல் வெளியிட்ட அந்த ஆய்வின் தொடக்கத்தில், முடிந்தவரை ஏற்றுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்த ஓட்டுநர்கள், சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிச் சென்றார்கள். மரத்தடிகள் ஒரே அளவாக இருப்பதில்லை, அளவை மீறினால் அபராதம், ஆகவே குறைத்து ஏற்றுவதே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. பிறகு 94 விழுக்காடு என்று திட்டமான இலக்கு ஒன்று சொல்லப்பட்டது. ஊக்கத்தொகை கிடையாது, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை என்று உறுதி தரப்பட்டது, ஏற்றிய எடை மட்டும் குறித்துவைக்கப்பட்டது.

முதல் மாதம் சுமை 80 விழுக்காட்டுக்கு ஏறியது. அடுத்த மாதம் 70-க்கு இறங்கியது. பின்னர் விசாரித்தபோது, தண்டனை இல்லை என்ற வாக்கு மெய்தானா என்று ஓட்டுநர்கள் ஆழம் பார்த்திருந்தது தெரியவந்தது. நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை. சுமை மறுபடியும் ஏறி, 90 விழுக்காட்டைக் கடந்து நிலைத்தது. அந்த இரண்டாம் மாதம் அங்கே ஒரு கோபக்கார மேற்பார்வையாளர் இருந்திருந்தால், அடுத்து வந்த ஏற்றம் முழுவதையும் தம் கோபத்தின் கணக்கிலேயே எழுதியிருப்பார்.

ஓட்டுநர்கள் தாங்களாகவே சில யோசனைகளையும் முன்வைத்தார்கள். தடிகள் சரியாமல் இருக்க லாரியின் முன்பக்கத்தில் நட்டிருந்த கம்பங்களை உயர்த்தினால் எடையைக் கண்ணளவிலேயே துல்லியமாகக் கணிக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. ஒன்பது மாதங்களில் நிறுவனம் மிச்சப்படுத்திய தொகை சுமார் 2,50,000 டாலர்.