ரீபேட்ஜ்: போலியா, மறுமுத்திரையா, மாற்றுவில்லையா?

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கல்யாண இசைக்குழுக்காரர்கள் கூடும் இடத்தில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒருவர் புதிதாக ஒரு பேஸ் அம்ப், அதாவது பேஸ் கிதாருக்கான பெருக்கி, இறக்கி வைப்பார். இன்னொருவர் அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது அந்தக் கம்பெனி அம்ப்தான். பேட்ஜ்தான் வேற" என்பார். இதைத்தான் ரீபேட்ஜ் என்கிறார்கள். அதுவரை நியாயமான பேச்சு. அதைத் தமிழில் எழுத வந்தவர்தான் "போலி அம்ப்" என்று எழுதி வைப்பார். பழைய சாமான் விற்கும் அறிவிப்புகளிலும் இதே சொல்தான். ரீபேட்ஜ் என்ற சொல்லுக்குப் போலி என்ற பொருள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேட்ஜ் என்பது நடுக்கால ஆங்கிலச் சொல். ஒரு வீரனோ ஏவலனோ எந்தப் பிரபுவின் ஆள் என்று காட்ட அணிந்த அடையாளம். அதற்கு முந்தைய வேரைக் கேட்டால் அகராதிக்காரர்களே கைவிரிக்கிறார்கள். பிற்காலத்தில் காரின் மூக்கில் பதித்த பெயர்த்தகடும் பேட்ஜ் ஆயிற்று. ஒரு நிறுவனத்தின் வண்டியை இன்னொரு நிறுவனம் தன் தகட்டோடு விற்பது ரீபேட்ஜ் ஆயிற்று. அங்கிருந்துதான் அம்ப் உலகத்துக்கு வந்தது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஃபோர்டு, மாஸ்டா இரண்டையும் இங்கே செய்த சாம்கோர் நிறுவனத்தின் காலத்தில் ஃபோர்டு லேசரும் மாஸ்டா 323-உம் ஒரே குடும்பத்து வண்டிகள்தான். இன்றைக்கு டர்பன் தெருக்களில் ஓடும் டொயோட்டா ஸ்டார்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் இங்கே விற்பனைக்கு வந்த அது, இந்தியாவில் செய்த சுசூகி பலேனோ. டொயோட்டாவின் ஹைலக்ஸ் இங்கே டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையில் உருவாகிறது. ஸ்டார்லெட் கப்பலில் வந்து இறங்குகிறது. மூக்கில் இருப்பது ஒரே தகடு. ஸ்டார்லெட் வைத்திருப்பவரிடம் போய் "உன் கார் போலி" என்று யாராவது சொல்வார்களா? காருக்குச் சொல்லக் கூசும் சொல் அம்ப்புக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?

போலி என்றால் ஏமாற்று. ஒருவரின் பெயரை அவர் அனுமதியில்லாமல் பொருளின் மேல் ஒட்டி, அவர் செய்தது போல விற்பது. தென்னாப்பிரிக்காவில் அதற்கென்றே 1997-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டம் இருக்கிறது. ஆகவே ஒரு கடைக்காரரின் சரக்கைப் போலி என்று எழுதுவது அவர்மேல் குற்றம் சாட்டுவதாகும். ரீபேட்ஜில் இதற்கு நேர் எதிரான காரியம் நடக்கிறது: செய்தவர் சம்மதித்து, விலை பேசி, வாங்கியவர் பெயரிலேயே தகடு பதித்துக் கொடுக்கிறார். அதில் யார் பெயரும் திருடப்படவில்லை.

பழைய சான்று ஒன்று: 1965-இல் இங்கிலாந்தின் அம்ப் நிறுவனமான மார்ஷல், ரோஸ் மோரிஸ் நிறுவனத்துக்கு விற்பனை உரிமையை ஒட்டுமொத்தமாகக் கொடுத்தது. பர்மிங்காமில் கடை வைத்திருந்த பழைய நண்பர் ஒருவருக்கு நிறுவனர் ஜிம் மார்ஷலால் இனிச் சரக்குக் கொடுக்க முடியாத நிலை. அந்தச் சிக்கலுக்கு வழியாகப் பிறந்த பெயர்தான் ‘பார்க்’. அதே பட்டறை, பெரும்பாலும் அதே மின்சுற்று, முகப்பில் வேறு பெயர். பார்க் அம்ப்பைப் போலி மார்ஷல் என்று சொல்லிப் பாருங்கள், பழைய அம்ப் சேகரிப்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

நகலையும் இதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. மார்ஷலின் முதல் அம்ப் ஜேடிஎம் 45. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்து 5எஃப்6-ஏ பேஸ்மேன் அம்ப்பின் சுற்றைப் பார்த்து 1962-இல் செய்தது. பேஸ்மேனில் முதல் வால்வு (வெற்றிடக் குழல்) 12ஏஒய்7. மார்ஷலில் அந்த இடத்தில் அதிகம் பெருக்கும் ஈசிசி83. ஃபெண்டரில் பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. மார்ஷலில் மூடிய பெட்டியில் செலஸ்டியன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு. சுற்றுப்படம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் செய்த கை வேறு, பாகங்கள் வேறு, கேட்கும் சத்தமும் வேறு. இது நகல், அல்லது வழிநூல் போல வழிப்படைப்பு. ரீபேட்ஜ் அல்ல. போலியும் அல்ல. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, ‘இந்த பேஸ் அம்ப் ரீபேட்ஜா இல்லையா’ என்று மூன்று மணி நேரம் சண்டை பிடித்தால் எப்படி முடியும்? ஆளுக்கு ஒன்றைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போலிக்காக வாதாடும் இலக்கணப் புலிகள் ஒரு நல்ல அம்பு வைத்திருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. இலக்கணத்தில் போலி என்றால் பொய் இல்லை. அறம் அறன் ஆகும், பந்தல் பந்தர் ஆகும், எழுத்து மாறியும் பொருள் மாறாது. "தகடு மாறியும் அம்ப் மாறவில்லை, ஆகவே இது கடைப்போலிதானே" என்கிறார்கள். கடைசி எழுத்து மட்டும் மாறுவதுதான் கடைப்போலி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நன்னூல் படித்தவர் இருவர் தங்களுக்குள் பேசும்போது சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் போலி மருந்து, போலிப் பத்திரம், போலிச் சாமியார் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இலக்கணப் பொருள் எட்டாது. சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது சந்தை. அதிலும் இங்கே பிள்ளைகள் வார இறுதி வகுப்பில் தமிழ் எழுத்தையே பாடுபட்டுக் கற்கிறார்கள். அவர்களிடம் போய் "இந்தப் போலி நல்ல போலி" என்று எத்தனை தடவை விளக்குவது?

‘மறுபெயரிடல்’ என்பாரும் உண்டு. டர்பனில் கிரே தெரு டாக்டர் யூசுப் தாதூ தெரு ஆனதே, அது மறுபெயரிடல். ஃபெண்டர் தன் பிராட்காஸ்டர் கிதாரை 1951-இல் டெலிகாஸ்டர் ஆக்கியது, அதுவும் மறுபெயரிடல். கிரெட்ச் நிறுவனத்தின் டிரம்முக்கு அதே ஓசையில் பெயர் இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. செய்தவரும் விற்றவரும் ஒருவரே, பெயர் மட்டும் மாறியது. ரீபேட்ஜில் கைமாற்றம் இருக்கிறது. இந்தச் சொல்லில் அது இல்லை.

என் கோபம் எல்லாம் ‘மறுமுத்திரையிடல்’ மேல்தான். மொழிபெயர்ப்பாளர் கைக்கு அடக்கமாக இருப்பதால் அது பரவுகிறது. முதலில் முத்திரையைப் பார்ப்போம். தமிழில் முத்திரை என்றால் அத்தாட்சி: முத்திரைத்தாள், தபால் முத்திரை, அரசு முத்திரை. தென்னாப்பிரிக்கத் தரநிர்ணய அமைப்பான எஸ்ஏபிஎஸ்-இன் முத்திரை இருந்தால் மின்சாமான் சோதனை தாண்டியது என்று பொருள். மறுமுத்திரையிட்ட பெருக்கி என்று படிப்பவர், பழையதை மறுபடி சோதித்து சான்று கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். விற்பவருக்கு இது வசதி, வாங்குபவருக்கு வலை. இன்னொரு பக்கம், முத்திரை குத்துவது என்றால் பழி சுமத்துவது. ஆக, ஒரு காதில் சான்றிதழ், மறு காதில் அவதூறு.

அடுத்து அந்த ‘மறு’. ஆங்கிலத்தில் ‘ரீ’ என்று கண்டால் யோசிக்காமல் மறு போடுவது இன்றைய மொழிபெயர்ப்பின் தொற்றுநோய். மறுமணம், மறுபிறவி, மறுகூட்டல் என்ற சொற்களில் எல்லாம் ஒரு காரியம் இரண்டாம் முறை நடக்கிறது. ரீபேட்ஜில் இரண்டாம் முறை எதுவும் நடப்பதில்லை. பெரும்பாலான ரீபேட்ஜ் அம்ப்புகளில் முதல் தகடு என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஆலையின் ஒரே வரிசையில் நூறு பெட்டிக்கு ஒரு பெயர், அடுத்த நூறுக்கு வேறு பெயர். கழற்றிவிட்டு மறுபடி பதிக்கிற வேலையே அங்கே இல்லை.

சரி, என்னதான் சொல்வது? வில்லை என்று ஒரு நல்ல சொல் நம்மிடம் கிடக்கிறது. சிறு வட்டத் தகடு. பழைய அலுவலகங்களில் பித்தளைத் தகடு அணிந்த ஏவலரை வில்லைச் சேவகன் என்றார்கள். பேட்ஜ் என்ற ஆங்கிலச் சொல் பிறந்த இடமும் அதுதான், யாருடைய ஆள் என்று காட்டும் தகடு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் இருக்கின்றன. முத்திரையும் சின்னமும் வடமொழி வழி வந்தவை, இலங்கையார் எழுதும் இலச்சினையும் லாஞ்சனத்தின் திரிபு. தனித்தமிழ் வேண்டுவோருக்கு வில்லை இனிக்கும். எனக்குத் தெளிவுதான் முதல் கணக்கு, தூய்மை அதன் பிறகு.

வில்லையோடு மாற்று சேர்த்தால் மாற்றுவில்லை. மாற்றுச்சாவி என்கிறோம், முதல் சாவியைத் தொலைத்தால்தான் என்று இல்லை. இரண்டும் ஒரே பூட்டைத் திறக்கும். மாற்றுவில்லைப் பெருக்கி என்றால் ஒரே வடிவமைப்பு, வேறொருவர் தகடு. வினையாக வேண்டுமா, ‘வில்லை மாற்றி விற்கிறார்கள்’ என்றால் போதும். இதில் குறை இல்லாமல் இல்லை. இன்று வில்லை என்றால் மாணவருக்குக் கண்ணாடி வில்லையும் நோயாளிக்கு மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அம்ப் பேச்சில் கண்ணாடி வில்லைக்கு வேலை இல்லை. வில்லை பிடிக்காதவர் மாற்றுத்தகடு என்று சொல்லட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லா அம்ப் மேலும் ஒட்டிவிடக் கூடாது. உள்ளே பார்த்தபிறகுதான் மாற்றுவில்லையா என்று சொல்ல முடியும். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச்மோடு சப்ளையின் (மின்வழங்கியின்) பெரிய கெபாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகத்தில், சுமார் 325 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் நிற்கும், வால்வு அம்ப்பில் அதைவிடவும் அதிகம். மல்ட்டிமீட்டரில் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியபிறகு கை வையுங்கள். பிறகு சந்தேகப்படும் இரண்டு அம்ப்பின் போர்டையும் (மின்சுற்றுப் பலகையையும்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எழுத்தில் அச்சிட்ட போர்டு எண், ஆர்1, சி1 என்று பாகங்களுக்குப் போட்ட வரிசை, செம்புத் தடம் வளையும் இடம், திருகுத் துளைகளின் இடம், இவை நான்கும் ஒத்தால் வடிவமைப்பு ஒன்றே. போர்டில் பாகம் வைக்காமல் விட்ட காலி இடங்கள் நல்ல சாட்சி. முகப்புத் தகட்டை நெம்பி எடுத்தால் அடியிலுள்ள இரும்பில் திருகுப் பொத்தானுக்கென்று குத்திய துளை ஒன்று பயனில்லாமல் அடைபட்டிருக்கலாம். அண்ணன் மாடலில் அங்கே நடு ஓசையைக் கூட்டிக் குறைக்கும் மிட் கன்ட்ரோல் ஒன்று இருந்திருக்கும்.

ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. போர்டில், தீத்தடுப்புத் தரத்தைக் காட்டும் ‘94வி-0’ பக்கத்தில் ஈ என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். இரண்டு அம்ப்பில் அது ஒன்றாக இருக்கிறது என்று குதிக்கிறார்கள். அது வெற்றுப் போர்டு அச்சிட்டவருக்கு யூஎல் என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனம் கொடுத்த கோப்பு எண், அம்ப் செய்தவருடையது அல்ல. ஸ்பீக்கரின் பின்னால் 67 என்று தொடங்கும் எண் எமினன்ஸ், 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு. அதைத் தொடரும் எண்களில் ஆண்டும் வாரமும் இருக்கும். ஸ்பீக்கர் செய்தவர் யார் என்று அது சொல்லும், அம்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டென்மார்க்கின் ஐஸ்பவர் மின்திறன் போர்டு பல கம்பெனிகளின் சின்ன பேஸ் ஹெட்டுகளில் (ஸ்பீக்கர் சேராத அம்ப்புகளில்) இருக்கிறது. அது யாரும் வாங்கக்கூடிய பாகம். ஐந்து கம்பி பேஸ் கிதாரின் பி கம்பி தரும் 31 ஹெர்ட்ஸ் இறுக்கமாக வருமா, கொழகொழவென்று வருமா என்பதில் அந்தப் போர்டுக்கு முன்னால் ஓசையைப் பதப்படுத்தும் பிரீஅம்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதை ஒவ்வொருவரும் தனியாக வடிவமைக்கிறார்கள். ‘சீனாவில் செய்தது’ என்ற வரியும் சாட்சி ஆகாது. தன் வடிவமைப்பைப் பிறர் ஆலையில் செய்து வாங்குவது ஒப்பந்தத் தயாரிப்பு. ஆலைக்காரர் வடிவமைத்ததை வாங்கித் தன் பெயரில் விற்பதுதான் மாற்றுவில்லை.

தலைகீழான கூத்தும் நடந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனம், இங்கிலாந்து அம்ப் கம்பெனியான வாக்ஸின் பெயரில் விற்ற டிரான்சிஸ்டர் அம்ப்புகள் இங்கிலாந்து வாக்ஸிலிருந்து வேறான சுற்றுகள். வில்லை ஒன்று, உள்ளே வேறு. அதற்கும் சிலர் ரீபேட்ஜ் என்கிறார்கள். அது பெயரை வாடகைக்கு எடுப்பது.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் முடியாது. இயந்திரத்தில் போட்டெடுத்த அம்ப் கையேடு ஒன்றைத் தமிழில் படித்துப் பாருங்கள்: ஸ்பீக்கர் கேபினெட் (பெட்டி) அமைச்சரவை ஆகியிருக்கும், கெயின் (பெருக்கும் அளவு) லாபம் ஆகியிருக்கும். லாபத்தைக் கூட்டினால் அமைச்சரவை கிழியும் என்று பொருள் வரும். பெருக்கியை ஒலிபெருக்கி என்றும் எழுதுகிறார்கள். தமிழில் ஒலிபெருக்கி என்றால் கோயில் திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கர். 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட்டைத் தேடுபவர் கையில் குழாய் ஸ்பீக்கரைக் கொடுத்தால் என்ன செய்வார்?

மாற்றுவில்லை என்று தெரிந்தால் பழுதுபார்ப்பவருக்கு லாபம் உண்டு, இது உண்மையான லாபம். முதல் கம்பெனியின் சுற்றுப்படமும் உதிரிப் பாகமும் அப்படியே பொருந்தும். உத்தரவாதம் மட்டும் பொருந்தாது, அதற்கு விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். ஆகவே விற்பனை அறிவிப்பில் இவ்வளவு எழுதினால் போதும்: "பேஸ் ஹெட், 4 ஓமில் 500 வாட். மாற்றுவில்லை. உள்ளே இன்ன கம்பெனியின் இன்ன மாடல் போர்டு, எண் படத்தில் இருக்கிறது." படத்தை மங்கலாக எடுக்காதீர்கள், போர்டு எண் தெரிய வேண்டும்.