கிராமத்து வீட்டுக்கு நன்கொடை: அறக்கட்டளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

சென்னையில் பதிவான ஓர் அறக்கட்டளை, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் குடிசையில் வாழும் குடும்பங்களுக்கு வீடு கட்ட நிதி திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் அடிக்கும் முன், அந்தக் குடும்பத்துக்கு அரசிடமிருந்து எவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிகளுக்கான தொகை ரூ.1.20 லட்சம். இதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியாகவும் சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறது. 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். வீடு 360 சதுர அடி இருக்க வேண்டும், அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம்.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. கனவு இல்லத்தில் வேலை எந்த மட்டத்துக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துத் தவணை தவணையாக விடுவிப்பார்கள். ஆகவே கடைக்கால் தோண்டி அடித்தளம் எழுப்பும் வரை குடும்பம் சொந்தப் பணத்தைப் போட்டாக வேண்டும். கந்துவட்டி நுழைவது இந்த இடத்தில்தான். ஒரு முழு வீட்டுக்கு ஆகும் நன்கொடையைக் கொண்டு பல வீடுகளின் அடித்தளத்தை எழுப்பிவிடலாம். மீதிக்கு அரசுத் தவணை வந்துவிடும். 'நாங்கள் கட்டிய வீடு' என்று பலகை வைக்க முடியாது என்பதால் பல நன்கொடையாளர்களுக்கு இது ருசிக்காது. ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள்: குடிசையைப் பிரித்து நீங்களே தளம் போட்ட வீடு கட்டிக் கொடுத்தால், அந்தக் குடும்பம் அரசுத் திட்டத்துக்கான தகுதியை இழந்துவிடும்.

அடுத்தது பட்டா. திட்டம் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது பங்காளிகளோடு கூட்டுப்பட்டாவாக இருக்கும், அல்லது குடிசையே ஏரிப் புறம்போக்கில் இருக்கும். முதல் இரண்டுக்கும் வழி உண்டு: வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது), உட்பிரிவு அளவை, பிறகு பட்டா மாறுதல். இதற்கு ஆகும் பதிவுச் செலவையும் அலைச்சலையும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டால், பல சமயம் அதுவே சிமெண்ட் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபகரமானது. அங்கே பட்டா கிடைக்காது. வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். புறம்போக்கு இடத்தில் நன்கொடைப் பணத்தில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

இனி வரி விதிகள். கீழே வரும் பிரிவு, படிவ எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டதால், விண்ணப்பிக்கும்போது புதிய எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் 12ஏபி பதிவு. கொடுப்பவருக்குச் சலுகை வேண்டுமென்றால் 80ஜி ஒப்புதல். பொதுவாக நன்கொடையில் பாதி, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிவாகும், அதுவும் அவருடைய மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்புக்குள். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. செங்கல், கம்பி, மணல் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இல்லை. இதைச் சொல்லாமல் '80ஜி உண்டு' என்று மட்டும் அச்சடித்தால், ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்களுக்குத்தான் போன் வரும்.

நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழைப் பதிவிறக்கி அவர்களுக்குத் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு ரூ.200 கட்டணம். வெறும் ரசீதை வைத்துக் கழிவு கேட்க முடியாது என்பதால், பணம் வாங்கும்போதே பெயர், முகவரி, பான் எண்ணை வாங்கிவிடுங்கள். மார்ச் மாதம் முழுக்கத் திரட்டிவிட்டு மே மாதம் பான் எண் கேட்டு அலைவது வாடிக்கையாக நடக்கிறது.

செலவு செய்வதிலும் பொறிகள் உண்டு. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் ஏறாது. மேஸ்திரிக்கு வாரக்கூலியைக் கையில் எண்ணிக் கொடுக்கும் பழக்கம் இங்கேதான் இடிக்கும். ஒப்பந்தமாக வேலை விட்டு, ஒரு தடவை கொடுப்பது ரூ.30,000 தாண்டினாலோ ஆண்டுக்கு ரூ.1 லட்சம் தாண்டினாலோ மேஸ்திரிக்கு 1 விழுக்காடு வரி பிடித்துக் கட்ட வேண்டும். சென்னையில் திரட்டி ஊரிலுள்ள இன்னொரு பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு அனுப்பினால், அனுப்பியதில் 85 விழுக்காடு மட்டுமே செலவாகக் கணக்கில் வரும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி வேண்டுமென்றால் முதலில் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவெண் வாங்க வேண்டும். மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஊரக வளர்ச்சி இருப்பதால் வீட்டுத் திட்டத்தை அதன் கீழ் கொண்டுவரலாம். ஒரு சிக்கல் உண்டு. இந்த நிதியில் உருவாகும் மூலதனச் சொத்து பதிவு பெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் சுய உதவிக் குழு அல்லது கூட்டமைப்பு, பொது அதிகார அமைப்பு ஆகியவற்றில் ஒன்றிடம் இருக்க வேண்டும் என்கிறது விதி. தனி ஆள் பெயரில் வீடு என்றதும் கம்பெனி ஆடிட்டர் பேனாவை மூடிவிடுவார். சொத்து யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தம் எழுதும் முன்பே அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக் குடிமக்களோ அமைப்புகளோ கொடுக்கும் பணத்தில், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு அல்லது முன் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர், வழக்கமான வங்கி வழியாகத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவது இதில் சேராது. பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இருந்தாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கு. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.