பாடக்குறிப்பு எழுதும் முன் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நம்மில் பலர் போன வருஷத்து நோட்ஸ் ஆஃப் லெசனை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிவிடுகிறோம். பாடம் மாறவில்லைதான், பிள்ளைகள் மாறிவிட்டார்களே. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ஆறாம் வகுப்புக்குள் போனால் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் பையன் இருப்பான், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவரின் மகள் இருப்பாள், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிற பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த பீகார் குடும்பத்துப் பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சில். இவர்கள் எல்லாருக்கும் பின்னம் வரவேண்டும். அதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. நான் மாற்றச் சொல்வது, பின்னத்துக்குப் போகிற வழியை மட்டும்தான்.

மீன் கடைக்கு உட்காருகிற பையன் கூறு போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன். 24 மீனை 4 கூறாகப் பிரி, மூன்று கூறு விற்றாச்சு, மீதி என்ன என்று கேட்டால் பேனாவைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். அதே கணக்கைக் கரும்பலகையில் 1 கழித்தல் 3/4 என்று எழுதினால் வாயே திறக்கமாட்டான். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களிடம் சோதித்து 1985-இல் வெளியான ஆய்வில், வியாபாரத்துக்கு நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி, தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஐந்தே சிறுவர்கள், சின்ன ஆய்வு என்று ஒதுக்கலாம். ஆனால் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் பெரிய அளவில் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொல்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: பள்ளிக்கூடக் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறுகிறது. ஆக, இரண்டு பக்கமும் பாலம் தானாகக் கட்டப்படுவதில்லை. அதைக் கட்டுவதுதான் நம்முடைய பாடத்திட்டம்.

நான் செய்வது இப்படி. முதலில் வாயால் சொல்லவேண்டும், அப்புறம் கட்டம் வரையவேண்டும், அதே பீரியடில், மறுநாளுக்குத் தள்ளாமல், மீனை எடுத்துவிட்டு எண்ணாக எழுதவேண்டும். மீன் கதையிலேயே நின்றுவிட்டால் வகுப்பு கலகலப்பாக இருக்கும், பரீட்சைத் தாளில் பையன் அங்கேயேதான் நிற்பான். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "மிஸ், கூறு எல்லாம் சமமா இருக்காது, பெருசும் சிறுசும் கலந்துதான் போடுவாங்க" என்றான். பின்னம் என்றால் பங்குகள் சமமாக இருந்தே ஆகவேண்டும் என்பதை அதைவிட நன்றாக என்னால் ஆரம்பித்திருக்க முடியாது.

இதிலேயே ஒரு ஆபத்தும் உண்டு. வடசென்னைப் பிள்ளை என்றாலே மீன், பாக்ஸிங், கேரம் என்று நாமே முத்திரை குத்திவிடுவோம். மீனவர் வீட்டுப் பெண்ணுக்குக் கடலைப் பற்றிப் பேசவே பிடிக்காமல் இருக்கலாம். "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்று வகுப்பு நடுவில் கேட்பது விவரம் சேகரிக்கிற வழியே இல்லை. அப்பா இல்லாத பிள்ளையும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. தனியாகப் பேசுங்கள், பெற்றோர் வரும் நாளில் கேளுங்கள்.

நேரத்தையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும். நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறக்கிற அந்தச் சமயத்தில்தான் பல வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் சார்ட், ஸ்கெட்ச் பேனா வாங்கிவரச் சொல்லும் புராஜெக்ட் எதற்கு? ஜூலைக்குத் தள்ளினால் பாடம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. விடியலுக்கு முன்பே அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட, தம்பியைக் கிளப்பிவிட்டு வரும் அக்காவுக்கு முதல் பத்து நிமிஷம் அநேகமாகக் கிடைக்காது, அதனால் புதுக் கருத்தை அங்கே வைப்பதில்லை. வீட்டுப்பாடத்தில் பாதியை வகுப்பிலேயே எழுத வைக்கிறேன், ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது எங்கே உட்கார்ந்து எழுதுவது?

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது தொடக்க வகுப்புகளில் பழகிவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் "அவன் அரும்புடா" என்று கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டால் நாம் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம். தமிழில் தடுமாறுகிற பிள்ளை கணக்கில் முன்னால் இருக்கலாம், குழுவைப் பாடத்துக்குப் பாடம் கலைத்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் குடும்பச் சூழல் மேல் போட்டுவிடவும் கூடாது, அதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். "அந்த வீட்டுப் பிள்ளை அப்படித்தான்" என்று விட்ட பிள்ளைக்குப் பார்வைக் கோளாறு இருக்கலாம், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். முதலில் அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் எழுத்துகள் மாறி மாறி வருகிறது, வாயால் சரியாகச் சொல்கிற பதிலை எழுத முடியவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தான் பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் இருந்தது 7 வகைதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க மருத்துவச் சான்று வேண்டும், அதற்கு அலைய நாளாகும். பத்தாவதில் ஜனவரி மாதம் ஞாபகம் வந்து பயனில்லை, ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கவேண்டும்.

ஏப்ரலில் வகுப்பை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வரி எழுதி அடுத்த ஆசிரியரிடம் கொடுங்கள்: எதில் பலம், எங்கே தடுக்குகிறது, எப்படிச் சொன்னால் புரிகிறது. சாதி, வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி இதெல்லாம் அதில் வேண்டாம். ரிசல்ட்டைவிட இந்த மூன்று வரிதான் ஜூன் மாதம் அவருக்கு வேலைக்காகும்.