மாவு மாங்காய்க்கு ஏன் வியர்த்தது?

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஆறரை மணிக்கு வாசல் கதவைத் திறந்ததும் என் மகள் கத்தினாள்: "அம்மா, மாங்காய்க்கு வியர்க்கிறது!" நிலைப்படிக்கு மேல் தோரணமாகக் கட்டியிருந்த, உப்பு கலந்த மாவில் செய்த பன்னிரண்டு மாங்காய் வடிவங்களிலும் நீர் முத்து முத்தாக நின்றது. தொட்டால் பிசுபிசுப்பு, நாக்கில் வைத்தால் உப்பு. மாலைக்குள் நூல் கோத்த துளைகள் நெகிழ்ந்து, மூன்று மாங்காய்கள் தாழ்வாரத்தில் விழுந்து கிடந்தன.

செய்முறையில் பிழை இல்லை. மைதா இரண்டு பங்கு, தூளுப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பிசைந்து, வெட்டி, ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வாட்டினால் ஓடு போல் இறுகிவிடும். மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் நனைந்ததும் வலையாகப் பின்னிக்கொண்டு உருவத்தைத் தாங்கும். உப்பு பூஞ்சையை அண்டவிடாது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் மர அலங்காரங்களை இப்படிச் செய்வார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டிருப்பதால் அவை ஆண்டுக்கணக்கில் நிற்கும். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் நிற்காததற்குக் காரணம் அதே உப்புதான்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்து, அந்த நீரிலேயே கரையத் தொடங்கும். உப்புச் சாடியில் நாலு அரிசி போட்டுவைக்கிறோமே, அது இதற்காகத்தான். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் மேல். விடியலுக்குச் சற்று முன் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். அதாவது மாங்காய்க்குள் இருக்கும் உப்பு இரவில் கரைகிறது, பகலில் மறுபடி படிகமாகிறது. ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் சுற்றியுள்ள மாவை உள்ளிருந்து நெம்புகிறது. கல்லுப்பு போட்டால் இன்னும் மோசம். அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதமே போதும்.

அப்படியானால் சமையல் உப்பே இல்லாத மாவு வேண்டும். ஆப்ப சோடா ஒரு கோப்பை, கார்ன்ஃபிளார் அரைக் கோப்பை, தண்ணீர் முக்கால் கோப்பை. நான் இப்போது இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஆப்ப சோடாவும் ஓர் உப்பு வகைதானே, அதற்கு ஏன் வியர்ப்பதில்லை? கரைசலில் இருக்கும் நீரை, கரைந்த பொருள் எளிதில் ஆவியாக விடாது. கரைசல் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பிடி. 100 மில்லி நீரில் சமையல் உப்பு 36 கிராம் கரையும். ஆப்ப சோடா 10 கிராம் அளவுதான். கரைசல் நீர்த்திருப்பதால் பிடியும் தளர்வு. காற்று ஏறக்குறைய நீராவியால் நிறைந்தால் ஒழிய அதனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கலவையை அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அடுப்பருகே நிற்கும் அந்தச் சில நிமிடங்கள். முதலில் பால் போல் ஓடும் கலவை. கரண்டியில் கனமே தெரியாது. கலவையின் சூடு 62 டிகிரியைத் தாண்டி 70ஐ நெருங்கும்போது மாவுச்சத்து மணிகள் நீரைக் குடித்து உப்பி வெடிக்கின்றன. உள்ளிருந்து அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலிகள் வெளியேறி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கரண்டி திடீரென்று கனக்கும், ஓரம் திரளும், மசித்த உருளைக்கிழங்கு போல் ஆகிவிடும். அந்த நொடியே இறக்கிவிட வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவிட்டால் சங்கிலிகள் நெருங்கிப் படிந்து மாவு இறுகும். கஞ்சி ஆறியதும் கட்டியாவது இதே கதை.

நிறத்துக்குக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. இந்த மாவில் மஞ்சள் தூளைக் கலந்தால் மஞ்சள் நிறம் வராது, செம்மை ஓடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, ஆப்ப சோடா, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் (அமிலத்துக்கு எதிரானது) பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலம் கரைக்கும் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேதியியல் இது! சீன-மலாய்ப் பண்பாடு கலந்த பெரனாக்கன் சமூகத்தாரின் பலகாரங்களுக்கு நீலம் தரும் சங்குப்பூவோ காரத்தில் பச்சைக்குச் சாய்கிறது. மாவிலைத் தோரணத்துக்கு அது பொருத்தம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பதால் நிழலான வாசலே நல்லது.

வெட்டிய வடிவங்களை ஓவனில் வேகமாகச் சுட்டுவிடாதீர்கள். சூடேறினால் ஆப்ப சோடா சிதைந்து கரியமில வாயு வெளிவரும். ஆப்பத்தில் துளை விழுவது போல் இதிலும் குமிழும் விரிசலும் விழும். குளிர்சாதன அறையில் இரண்டு நாள் காயவிடுங்கள், அங்கே காற்று உலர்ந்திருக்கும். மேல்புறம் மட்டும் காய்ந்தால் அது சுருங்கி, ஈரமான அடிப்புறத்தை இழுத்து வளைக்கும். ஆகவே சில மணிக்கு ஒருமுறை, அப்பளத்தைத் திருப்புவது போல், திருப்பிப் போட வேண்டும். சோடியம் அதிகம் என்பதால் சிறு குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

கடைசியாக வார்னிஷ். மாவுச்சத்து கரையாவிட்டாலும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். டிசம்பர் மழையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. முன்னும் பின்னும் பூசியபின், மெல்லிய தூரிகையை நூல் துளைக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். என் மாங்காய்களுக்கு நான் பூசாமல் விட்டது அந்தத் துளையின் உட்புறத்தைத்தான். நீர் நுழைந்த வழியும் அதுதான்.