ஒரே பாத்தியில் செரித் தக்காளியும் ஐரிசும்

தை மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’தான். கிணற்றடியில் ஒரு பாத்தி. பாதியில் செரித் தக்காளி, மறுபாதியில் ஐரிஸ் என்ற பூச்செடி. ஐப்பசியில் ரொறன்ரோவிலிருந்து வந்த மகள், பயணப்பெட்டிக்குள் தக்காளி விதைப் பொதி ஒன்றையும் துணியில் சுற்றிய நான்கு ஐரிஸ் கிழங்குகளையும் கொண்டுவந்திருக்கிறார்.

“தம்பி, நான் ஓரவஞ்சகம் செய்யவில்லை. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. பிறகு ஏன் இரண்டும் இப்படி நிற்கின்றன?” என்று கேட்டார் ரீச்சர்.

ஐரிஸ் இலை ஒன்றை மெதுவாக இழுத்தேன். விசிறிபோன்ற இலைக்கொத்து முழுவதும் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகி நாறியது. தக்காளி தோளளவு தழைத்து நின்றது; ஆனால் காய் சொற்பம். அந்தக் காய்களிலும் பலவற்றின் அடிப்பகுதி கறுத்துத் தட்டையாகியிருந்தது. ஓரவஞ்சகம் செய்யாததுதான் வினை என்று ஒரு ஆசிரியையிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

விவசாயப் போதனாசிரியராக வீட்டுத் தோட்டங்களுக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: செடிகள் வாடிச் சாவதைவிட அன்பு மிகுந்து சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு செடி தன் சேமிப்பை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கினால் பாதிப் பிரச்சினை வராது.

ரீச்சரிடம் இருந்தது தாடி ஐரிஸ். கீழ்நோக்கித் தொங்கும் இதழ்களில் தாடிபோல மயிர்வரிசை இருப்பதால் அந்தப் பெயர். அதன் தண்டே மண்ணோடு படுத்துக் கிடக்கும் கிழங்கு. உணவும் நீரும் அதற்குள் இருக்கின்றன. கோடையில் மழை காணாத மத்தியதரைக்கடல் பக்கத்து நிலங்களுக்குப் பழகிய இனம் அது. நடும்போது வேர்கள் மட்டும் மண்ணுக்குள் போக வேண்டும். கிழங்கின் முதுகு வெயில் படும்படி வெளியே தெரிய வேண்டும். ரீச்சர் இஞ்சி நடுவதுபோல நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, மேலே மாட்டெருவைப் பரப்பியிருந்தார். மாரி மழை போதாதென்று மழை விட்ட நாட்களில் கிணற்று நீரையும் பாத்தி நிரம்ப விட்டிருக்கிறார். மென்னழுகல் பற்றீரியாவுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேண்டுமா?

தக்காளி இதற்கு நேர்மாறு. அது அன்றாடங்காய்ச்சி, சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. நாற்றை ஆழமாக நட்டால் அதற்குக் கொண்டாட்டம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் ஒரு பகுதியையும் சேர்த்துப் புதைத்தால், புதைந்த தண்டிலிருந்தே புதுவேர் விடும். ஒரே பாத்தியில் ஒன்றை ஆழப் புதைக்க வேண்டும், மற்றதைப் புதைக்கவே கூடாது. ஒன்றுக்கு ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும், மற்றதற்கு மண் இடையிடையே காய வேண்டும். இரண்டும் ஒத்துப்போவது வெயிலில்தான்: நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படாவிட்டால் இரண்டும் முகம் சுளிக்கும்.

காயின் அடி கறுத்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு ஐயா “சுண்ணாம்பு போதவில்லை” என்று சொல்லி, ரீச்சரும் சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டிருந்தார். இங்கேதான் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். கல்சியம் இல்லாத ஊர் இல்லை இது. கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல். அது தண்ணீரோடுதான் பயணம் செய்யும். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாக இறைத்தால், காய் வேகமாகப் பருக்கும் நேரத்தில் அதன் நுனிக்கு, அதாவது அடிப்பகுதிக்கு, கல்சியம் போய்ச் சேராது. நுனி கறுத்துவிடும். சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், மண்ணின் மேல் வைக்கோல் அல்லது காய்ந்த இலைச் சருகு, இவ்வளவுதான் மருந்து. செரித் தக்காளி பழுக்கும் நேரத்தில் தோல் வெடிப்பதற்கும் காரணம் இதேதான்.

கூடுதல் சுண்ணாம்பு வேறொரு கெடுதியும் செய்யும். தக்காளிக்குப் பிடித்தது 6 முதல் 6.8 வரையான கார அமிலத்தன்மை (pH). சற்றே புளிப்பான மண். நம் மண் பெரும்பாலும் 7க்கு மேலே நிற்கிறது. அதை இன்னும் ஏற்றினால் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரிந்தால் அதுதான் அடையாளம். மக்கிய கூட்டெருவும் பூவரசங்குழை, கிளிசரியாக் குழை போன்ற பசுந்தாளும் இதைத் தணிக்கும். வேடிக்கை என்னவென்றால், சற்றே சுண்ணாம்பு கலந்த, நீர் வடியும் மண்ணைத் தாடி ஐரிஸ் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும். யாழ்ப்பாண மண் ஐரிசுக்குச் சரி; வானம்தான் சரியில்லை.

ஏனென்றால் ஐரிஸ் தூங்க வேண்டிய செடி. பல வாரக் குளிர் கிடைத்தால்தான் அது அடுத்த பருவத்துக்கான பூமொட்டைத் தீர்மானிக்கும். ரொறன்ரோவில் பனி மூடிக்கிடக்கும் மாதங்கள் அதற்குத் தண்டனையல்ல, தேவை. நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில் போர்வை தேடுகிறோம். ஆனாலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கிழங்கு அழுகாமல் தப்பினாலும் இலை விடும், பூக்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து நட்டுப் பார்க்கும் ஆர்வக்காரர்கள் உண்டு. பொழுதுபோக்காகச் செய்யலாம், காண்டாவன வெயில் வரும்போது கணக்கு முடிந்துவிடும்.

செரித் தக்காளிக்கும் வெப்பக் கணக்கு உண்டு, ஆனால் அது நமக்குச் சாதகமாகத் திருப்பக்கூடியது. பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் வெக்கையாக இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பெரிய தக்காளியைவிடச் சிறு காய் இனங்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்காகச் சித்திரையில் நட்டுவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். கார்த்திகையில் மழை படாத கூரைக்குக் கீழே நாற்று மேடை போட்டு, விளக்கீடு முடிந்து மழை தணியும் நேரத்தில் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால், பூக்கும் காலம் குளிர்ந்த இரவுகளில் வந்து விழும். கொடிபோல வளர்வதால் ஆளுயரக் கம்பு வேண்டும். ஐரிசுக்குக் கம்பும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம்; மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நட்டால் போதும்.

ரீச்சரின் தக்காளி காய்க்காமல் தழைத்தது வெறும் எருக்கொழுப்பு. மக்காத எருவும் யூரியாவும் இலையைத்தான் வளர்க்கும். பூத்தபின் யூரியாவை நிறுத்தச் சொன்னேன். இலைச் சுருள் நோயைப் பரப்பும் வெண் ஈக்களும் இப்படிக் கொழுத்த தளிரைத்தான் தேடி வரும்.

ஐரிஸ் வேண்டும் என்ற ஆசை தீராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. செம்மஞ்சள் இதழில் சிவப்புப் புள்ளிகளோடு பூக்கும் புள்ளி அல்லி என்ற செடி வெப்ப நாடுகளிலும் வளரும். அதை முதலில் விவரித்த லின்னேயஸ் 1753இல் ஓர்க்கிட் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார். பிறகு நெடுங்காலம் ஐரிஸ் குடும்பத்துக்குள்ளேயே தனிப் பேரினமாகக் கிடந்து, 2005இல்தான் ஐரிஸ் பேரினத்துக்குள் ஐரிசாகவே சேர்க்கப்பட்டது. காய் வெடித்தால் உள்ளே கறுப்பு மணிக்கொத்து. நீர் தேங்காத மேட்டில் விதையிலிருந்தே வளர்க்கலாம்.

பயணப்பெட்டி விடயத்துக்கு வருகிறேன். கிழங்கு, கன்று, விதை எதுவாக இருந்தாலும் இறக்குமதி அனுமதியும் அது வரும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. துணியில் சுற்றிய கிழங்கின் வேரிடுக்கில் ஒரு தேக்கரண்டி மண் வந்தாலும், அதில் நம் ஊருக்குப் புதிதான வட்டப்புழுவோ (வேரைத் தாக்கும் நுண்புழு) பூஞ்சணமோ இருக்கலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் நம்பியிருக்கும் ஊர் இது.

இன்னொன்று: ஐரிஸ் கிழங்கு பார்க்க இஞ்சி மாதிரியே இருக்கும். தின்றால் வாந்தி, வயிற்றோட்டம். குசினிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆடு கட்டும் இடத்திலும் வேண்டாம்.

ரீச்சரின் கிழங்குகளை அங்கேயே காயவைத்து எரித்தோம். வெற்றிடத்தில் வெங்காயம் நடலாமா என்று கேட்டார். அதே மென்னழுகல் பற்றீரியா வெங்காயத்தையும் பிடிக்கும், ஒரு போகத்துக்குச் சோளம் போடுங்கள் என்றேன். இப்போது அந்த மூலையில் சோளம் கதிர் விட்டிருக்கிறது. கிளிகளை விரட்ட என்ன செய்யலாம் என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டார். அதற்கு என்னிடம் மருந்தில்லை; பழைய சேலை ஒன்றைக் கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.